குளவி குடிவந்த வலதுபக்கப் பெட்டி

காரைக்கால்,
24 நவம்பர் 2024

அன்புள்ள ஆக்சி அக்காவுக்கு,

நீயும் அத்தானும் உன் மாமியாரும் நலமா? நானும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் அது பொய். கொசுவலைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

போனில் சொல்லலாமே என்பாய். பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை என் போன் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அம்மாவின் போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அதனால்தான் அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். "நெடுங்காட்டுக்கும் காரைக்காலுக்கும் நான் என்ன தபால்காரனா?" என்று கேட்டார். பிறகு அவரே, "நாளைக்குக் கடைக்குப் போறப்ப வாங்கிக்கிறேன், பிரிச்சுப் பார்க்க மாட்டேன் போ" என்றார்.

விஷயம் இதுதான். அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் கெட்டுப்போய்விட்டன. பாட்டுப் போட்டால் கிழிந்த முறத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். யாரும் தொடக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிற முன்பக்கத் துணியை நான் கழற்றிப் பார்த்துவிட்டேன். பெரிய கூம்பைச் சுற்றிக் கறுப்பாக ஃபோம் வளையம் இருக்குமே, அது விரல் பட்டதும் ரஸ்க் தூளாக உதிர்ந்தது. நான் கிழிக்கவில்லை அக்கா, சத்தியமாக. ஆனால் யார் நம்புவார்கள்?

அப்பா டிசம்பர் 21 வருகிறார். குவைத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், "பெட்டி நல்லா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார். எங்களைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்கிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் நீதான் பக்கத்தில் இருப்பாய். என்ன செய்வது என்று எழுது. இன்னொன்றும் எழுது. ஈஸ்டருக்குப் பிறகு நீ இங்கே வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்காவது வருவாயா?

பயத்துடன்,
உன் சலோமி


நெடுங்காடு,
27 நவம்பர் 2024

என் பயந்தாங்கொள்ளித் தங்கைக்கு,

முதலில் மூச்சு விடு. அதை நீ கிழிக்கவில்லை, கடல்காற்று கிழித்தது. பிரான்ஸுக்குப் போன சின்னத்தாத்தா அந்தப் பெட்டிகளை அப்பாவிடம் விட்டுப் போனபோது நான் பிறக்கவே இல்லை. ஃபோம் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது.

இது சரிசெய்யக்கூடியதுதான். நான்கு வளையமாக ஆர்டர் போட்டிருக்கிறேன். இரண்டை நீ பாழாக்குவாய் என்று எனக்குத் தெரியும். வந்ததும் அத்தான் கொண்டுவருவார், பசையும் அதோடு வரும். மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிக்கொள். பழைய பசையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து நிதானமாகச் சுரண்டு. கூம்பு வெறும் காகிதம்தான், ஓட்டை போட்டுவிடாதே.

வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டி, நன்றாகக் காயவிடு. அப்புறம்தான் வெளிச்சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் கூம்பை விரல்நுனிகளால் மெதுவாக அமுக்கி விடு. காதை வைத்துக் கேள். சர்ரென்று உரசினால் கூம்பு நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். பசை ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் நகர்த்து. சத்தமே வரக் கூடாது. நடுவில் இருக்கிற குமிழை மட்டும் அமுக்காதே. சின்ன வயதில் நான் அமுக்கி ஒரு பள்ளம் விழுந்தது. அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கிறிஸ்துமஸ் பற்றிப் பார்க்கலாம். வரக் கூடாது என்றில்லை. வந்து உட்கார்ந்ததும் அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லையே, வயிற்றைத்தானே பார்க்கிறார்.

அன்புடன்,
ஆக்சிலியா


காரைக்கால்,
5 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இடதுபக்கப் பெட்டி பாடிவிட்டது! நீ சொன்னபடியே ஒரு வளையத்தைப் பாழாக்கினேன். இரண்டாவது அப்படியே உட்கார்ந்தது. அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது போட்டுப் பார்த்தேன். பேஸ் வந்து நெஞ்சில் தட்டியது. தனியாக ஒரு ஆட்டம் ஆடினேன். நீ பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய்.

இனிமேல் எழுதப்போவதற்கு நீ கோபப்படக் கூடாது.

வலதுபக்கப் பெட்டியை என் பக்கம் திருப்பினேன். முன்பக்கம் கீழே காற்று வர ஒரு குழாய் உண்டல்லவா, அதன் வாயில் மண். உள்ளே குளவிக் கூடு. அள்ளிப் போடக் குச்சி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தார். ஸ்பீக்கரைப் பிரித்ததற்குத் திட்டு விழப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"குளவி கூடு கட்டினா வீட்டுல கைக்குழந்தை வரும்டி. ஆக்சிக்குத்தான் வந்திருக்கு. கை வெச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்."

"ஜெபமாலை சொல்ற வீட்டுல சகுனம் பார்க்கலாமாம்மா?"

"குளவிய யாரு படைச்சா? அவருதானே படைச்சாரு?"

நான் குச்சியைக் கீழே போட்டேன்.

இப்போது அந்தப் பெட்டியின் மேல் மாதா சுரூபம் ஏறிவிட்டது. லேஸ் துணி, மெழுகுவத்தி எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டு மெஹர் பானு மாமி வந்து குனிந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ், ஆக்சிக்கு நல்ல சேதிதான். இந்தப் பக்கம் கொசுவத்திகூடக் கொளுத்திடாதீங்க" என்றார். மறுநாள் கோயில் அன்பியக் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். பெட்டியைப் பார்க்க வந்தவர்களுக்குக் காபி!

அந்தக் குழாய் இரண்டு திருகாணியில்தான் நிற்கிறது. கூட்டை உடைக்காமல் குழாயோடு கழற்றி வெளியே வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்கு வெளிய போயிட்டா பலிக்காது" என்கிறார். இதெல்லாம் வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உன்
சலோமி


நெடுங்காடு,
8 டிசம்பர் 2024

அன்புள்ள சலோமி,

உன் கடிதத்தை முந்திக்கொண்டு செய்தி வந்துவிட்டது. இன்று பூசை முடிந்து வெளியே வரும்போது வரிச்சிக்குடிக்காரம்மா ஒருவர் கையைப் பிடித்து, "அம்மா வீட்டுல குளவி வந்திருக்காமே, எத்தனை மாசம்?" என்று கேட்டார். சுற்றி ஏழெட்டுப் பேர். உன் அத்தான்தான் ஏதோ சொல்லி என்னை வண்டியில் ஏற்றினார்.

உன்மேல் கோபமில்லை. அம்மாமேலும் கோபமில்லை என்று எழுத முயற்சி செய்தேன், வரவில்லை. எங்களுக்குக் குழந்தை வரலாம், வராமலும் போகலாம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மா வீட்டுக்கு வந்தால்தான் ஏதோ நோயாளி மாதிரி ஆகிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. அப்பாவைப் புதுவருஷம் கழித்து எங்காவது வெளியே பார்த்துக்கொள்கிறேன். நீ அந்த ஒரு பெட்டியை வைத்தாவது அப்பாவுக்குப் பாட்டுப் போடு.

ஆக்சிலியா


காரைக்கால்,
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று விளக்குப் போட்டே எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். எப்படி என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தை நான்கு நாள் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு சுற்றினேன். அம்மாவிடம் பேசப் பயம். நீ வர மாட்டாய் என்பது அதைவிடப் பெரிய பயம். வியாழக்கிழமை அம்மா கொல்லையில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா கிறிஸ்துமஸுக்கு வரலியாம்."

"யாரு சொன்னா?"

"எழுதியிருக்கு."

"ஏனாம்?"

"அந்தப் பெட்டியாலதான். எல்லாரும் வந்து பெட்டியப் பார்த்துட்டு, அங்க போயி அக்கா வயித்தப் பார்க்குறாங்க."

"நான் அவ நல்லதுக்குத்தானேடி..."

"ஒனக்கு அக்கா வரணுமா, குழந்தை வரணுமா?"

வாய்க்கு வந்துவிட்டது அக்கா. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அம்மா ஆய்ந்து முடித்த மீனையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தார். பூனை ஒன்று இரண்டு மீனைக் கவ்விக்கொண்டு போனது. அதைக்கூட விரட்டவில்லை.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் மாதா சுரூபத்தை எடுத்து அதன் பழைய இடத்தில் வைத்தார். "திருப்புளிய எடுத்துட்டு வா. எந்தத் திருகாணி?" என்றார். நான் காட்டினேன். அவரே கழற்றினார். குழாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், குளியலறைப் பின்சுவரில் மழை படாத இடமாகப் பார்த்துக் கட்டினார்.

"வெளிய வெச்சா பலிக்காதுன்னியே?" என்று கேட்டேன்.

"குளவிக்குப் பலிக்கும். உள்ள இருக்கிறது அது புள்ளதானே" என்றார்.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா வர்றதுக்குள்ள பெட்டியில இந்த ஓட்டைக்கு என்ன பண்ணப்போற?" என்றார். அத்தான் கடையிலிருந்து பிவிசி குழாயை அதே நீளத்துக்கு அறுத்துக் கொண்டுவந்து பொருத்தினார். வலதுபக்க வளையத்தை ஒட்டியது யார் தெரியுமா? அம்மா! நான் பசையை வழியவிட்டதைப் பார்த்து, "தள்ளு, இடியாப்பம் புழிஞ்ச கை இது" என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு உரசல் இல்லை.

ஆனால் ஒரு கோளாறு. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் அருமையாகப் பாடுகின்றன. சேர்த்துப் போட்டால் பேஸ் எங்கேயோ ஓடிப்போகிறது. பாட்டு தகர டப்பாவுக்குள் கேட்கிற மாதிரி இருக்கிறது. அம்மாவும் நானும் மாற்றி மாற்றிக் காதை வைத்துப் பார்த்துவிட்டோம். ஒன்றும் புரியவில்லை. அப்பா வர ஆறு நாள்தான் இருக்கிறது. கீழே அம்மா ஏதோ எழுத வேண்டுமாம்.

உன் சலோமி

ஆக்சி, அம்மா எழுதுகிறேன். எழுதி ரொம்ப நாளாகிறது, பிழை இருந்தால் சிரிக்காதே. நீ வா. எதுவும் கேட்க மாட்டேன். மெஹர் பானுவிடமும் மற்றவர்களிடமும் இனி யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.


நெடுங்காடு,
17 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கும் சலோமிக்கும்,

கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றார். "அழுவுறியா சிரிக்கிறியா, ஒண்ணு சொல்லிட்டுச் செய்யி" என்றார். இரண்டையும் செய்தேன். அம்மா, ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அது எது என்று சொல்ல மாட்டேன்.

சலோமி, உன் கோளாறு என்னவென்று படித்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெட்டி மூச்சு விடும்போது மற்றது மூச்சை இழுக்கிறது, பேஸ் நடுவிலேயே அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். எதை மாற்றினால் சரியாகும் என்று இங்கேயே ஒரு வரியில் எழுதிவிடலாம்.

எழுத மாட்டேன். நீ ஒன்றையும் தொடாதே. அப்பா சனிக்கிழமை சாயங்காலம்தானே வருகிறார்? நானும் உன் அத்தானும் அன்று காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். நானே மாற்றித் தருகிறேன்.

இன்னும் சாப்பிடவில்லை அம்மா. அங்கே வந்துதான்.

உங்கள்
ஆக்சி