இரண்டாவது விரிசல்

மார்ச் 3, செவ்வாய்

கார் ரேடியேட்டரில் விரிசல். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில், விரல் நீளத்துக்கு. புதுசுதான் மாற்றணும் என்றான் மெக்கானிக். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவனிடமா இந்தக் கதை? நானே கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். திங்கள் முதல் மகள் வேலைக்குத் திரும்புகிறாள். பேத்தியைப் பள்ளியில் விடுவது என் பொறுப்பு. அதற்குள் சரியாகணும்.

மார்ச் 4

உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, காயவைத்து, இரண்டு குழாயாக வரும் எபாக்ஸி பசையைக் குழைத்துப் பூசினேன். மனைவி ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த இடம் மெல்லிசு, எங்கே அடிபட்டால் தாங்காது என்றெல்லாம் கேட்டாள். இத்தனை வருடத்தில் காரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவளில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

மார்ச் 6

மாட்டி, தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவளைக் கூப்பிட்டுப் பீற்றிக்கொண்டேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 7, சனி

மறுபடி ஒழுகுகிறது. பசை பூசிய இடம் கல் மாதிரி இருக்கு. ஒரு சாண் தள்ளிப் புது விரிசல் — நடுவில் சுத்தியல் பட்ட வெள்ளைத் தழும்பு. பானட்டைத் திறக்கக் கார்ச் சாவி வேணும். சாவி வீட்டுக்குள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

இவளா?

அதே நாள், மாலை

கேட்டேன். இல்லை என்பாள் என்றுதான் நினைத்தேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "மூணாம் தேதி உடைச்சதும் நான்தான்."



போன மாதம் தெருமுனையில் ஒரு பெண் சைக்கிளோடு இடது பக்கமிருந்து வந்தாளாம். இவள் அலறியதால்தான் நான் பிரேக் போட்டேனாம். "கண்ணைக் காட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களா? அந்த வண்டியில நம்ம பேத்தி ஏறக்கூடாதுங்க."

முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவ. எனக்குத் தெரியாம சுத்தியலை எடுத்திருக்கா, ரெண்டு தடவை. நான் காட்டிக்கொடுத்த இடத்துலயே அடிச்சிருக்கா! சாப்பிடப் பிடிக்கல. அந்தப் பெண்ணை நான் பார்த்தேன். பார்த்தேன்னுதான் அன்னிக்கே சொன்னேன். சைக்கிள் என்ன நிறம்? — தெரியல.

மார்ச் 9

பேத்தியை மகளே கொண்டுபோய் விட்டாள். நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வாயை அடைக்கத்தான் போனேன்.

வலது கண்ணை மூடி, ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். உள்ளே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்தணும். ரொம்ப நேரம் காத்திருந்தேன். கடைசியில் பொறுமை போய், "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றேன்.

"நடந்துட்டுதாங்க இருக்கு," என்றாள் மெஷின் பக்கத்தில் இருந்த பெண். "நீங்கதான் அழுத்தல."

இடது கண் நரம்பு பெரும்பாலும் போய்விட்டதாம். வலதிலும் தொடங்கிவிட்டதாம். ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு அழுதாள். எனக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை.

மார்ச் 10

வெறுமே படுத்திருந்தேன்.

மார்ச் 22

இரண்டாவது விரிசலையும் அடைத்துவிட்டேன். கார் வாங்க ஒருவர் வந்தார். மறைக்காமல் ஒட்டுப்போட்ட இரண்டு இடத்தையும் காட்டினேன். ஒரே தொட்டியில் இரண்டு இடத்தில் எப்படி உடைந்தது என்று கேட்டார். மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

"நான்தாங்க உடைச்சேன்" என்றேன்.