தீர்ந்தது என்ற கட்டம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க மூட்டுவலி இப்ப தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

பள்ளிக்கூடத்துல என் கவுன்சிலிங் வேலையை மதிப்பிட நேத்து ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் வந்தாங்க. என்கிட்ட வர்றதை நிறுத்தின பிள்ளைங்களுக்கெல்லாம் 'பிரச்சினை தீர்ந்தது'ன்னு ஃபாரத்துல டிக் போடணுமாம். ஒன்பதாவது படிச்ச துர்காவும்தான் வர்றதில்லை. அவ வீட்டுல படிப்பை நிறுத்தி, மேட்டுப்பாளையத்துல கம்பெனி வேலைக்கு அனுப்பிட்டாங்க. மேடம்கிட்ட இதைச் சொல்லிப் பார்த்தேன். "அதுக்குத் தனியா கட்டம் இல்லையேம்மா"ன்னாங்க. டிக் போட்டுட்டேன். நல்ல ரிசல்ட்டுன்னு பாராட்டிட்டுப் போனாங்க.

அம்மாகிட்ட சொல்லி பருப்புப்பொடி கொடுத்து விடுங்க. பெல் அடிச்சிட்டாங்க, கிளம்புறேன். ரெண்டு நாள் நான் போன் பண்ணலைன்னா நல்லா இருக்கேன்னு நினைச்சுக்காதீங்கப்பா. நீங்களே கூப்பிடுங்க.

உங்க மக,
அறிவுமதி