மூன்று இழுத்தால் ஏற வேண்டும்

2024 ஜனவரி 22, திங்கள்

வெள்ள நிவாரணம் கிடைக்காத உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தம்பி சிலுவை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது. "மரத்துப் போயிக் கெடக்குக்கா, போட்டதே தெரியல" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 24, புதன்

ஜாய்சன் வந்தான். இருபது வருடமாக அவனும் சிலுவையும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கிறார்கள். ஒருவன் இறங்கினால் மற்றவன் மேலே இருந்து காற்றுக் குழாயைப் பிடித்துக்கொள்வான்; அதை இழுத்துத்தான் இருவரும் சைகை செய்துகொள்வார்கள்.

"காத்து அடிச்சிருக்கு ரெஜினாக்கா. வேற ஒண்ணுமில்ல."

ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டிக் கால் விழுந்துவிடும்; அதைத்தான் காற்று அடித்தது என்பார்கள். அப்படிக் கால் விழுந்த திரேஸ்புரத்துக்காரர்களைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். அதற்கு இவர்கள் கைவசம் ஒரே வைத்தியம்தான்: ஆளைத் திரும்ப அதே ஆழத்துக்கு இறக்கி, நிறுத்தி நிறுத்தி ஏற்றுவது. வெள்ளத்தில் கலங்கிய தண்ணீர் தெளியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை இறக்குவார்களாம்.

கிளம்பும்போது ஜாய்சன் சொன்னான்: "கொஞ்ச நாளாவே நான் மேல இருந்து இழுத்தா, இவன் மறுபடி இழுக்கது பிந்திப் பிந்தி வருது. அடியில பாய் விரிச்சுப் படுத்துருக்கானோ என்னவோ."

சிலுவை அவன் முதுகில் ஒன்று வைக்கப் போனான். குறி தவறி நிலைக்கதவில் பட்டது.

ஜனவரி 26, வெள்ளி

காற்று அடித்தவர்களைப் பேட்டி எடுத்தபோது ஒரு விஷயத்தில் யாரும் தடுமாறியதில்லை. எந்த நாள், எந்த இடம், எவ்வளவு ஆழம் — மூன்றையும் உடனே சொல்வார்கள். அது ஒரே நாளில் வருவது.

சிலுவையிடம் கேட்டேன்: "எந்த நாள்ல அடிச்சுது?"

நெடுநேரம் யோசித்தான். "தீவாளிக்கு முன்ன... இல்ல, மாதா திருவிழாவுலயே எரிச்சல் இருந்துச்சு."

நாள் இல்லை. மெல்ல மெல்ல வந்திருக்கிறது. அப்படியானால் இது காற்று அடித்ததில்லை.

அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் சோதனைக்குக் கூட்டிப் போனது நான். கல்யாணமே வேண்டாம் என்று அவன் ஒதுங்கியதற்குக் காரணமும் அதுதான். தினமும் மாத்திரை போட்டான், நன்றாக இருந்தான். இரவு எட்டு மணிக்கு மாத்திரைக்காக அவன் போனில் அலாரம் அடிக்கும். அடித்த மாத்திரத்தில் பாய்ந்துபோய் அணைப்பான்.

அந்தச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது எப்போது?

ஜனவரி 27, சனி

கேட்டேன். ஒளிக்கவில்லை. மாத்திரையைப் போன சித்திரையிலேயே விட்டுவிட்டானாம்.

"வேம்பார்ப் பக்கம் போனா நாலஞ்சு நாளு வள்ளத்துலயே கெடக்கோம். பீடி தேடுதேன்னு எல்லாவனும் பைக்குள்ள கைய விடுதான். என்ன மாத்திரைலேன்னு கேட்டா என்ன சொல்ல? நல்லாத்தானேக்கா இருந்தேன்."

நல்லாத்தான் இருந்தான். அதுதான் கேடு.

ஜனவரி 30, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருபாநிதியைப் பார்த்தேன். "அவர் வராம அவரைப் பத்திப் பேச மாட்டேன். பொதுவாச் சொல்றேன்" என்றார். சரியான நடைமுறை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். வைரஸ் ரத்தத்தோடு நிற்பதில்லை. உடம்புக்குள் வந்த சில வாரங்களிலேயே மூளைக்கும் போய்விடுகிறது. அங்கே நரம்பு செல்களை அது பெரும்பாலும் நேராகத் தாக்குவதில்லை. அவற்றுக்குக் காவலாக இருக்கிற செல்களுக்குள் குடியேறுகிறது. காவல் செல்கள் கெட்டு, ஓயாமல் நஞ்சைக் கக்க, பக்கத்தில் இருக்கிற நரம்புகள் வாடுகின்றன. முதலில் குறைவது வேகம். கேள்விக்குப் பதில் பிந்தும், கை தடுமாறும், சொன்னது நிற்காது. தண்டுவடத்தைப் பிடித்தால் கால் விறைக்கும். பாதத்து நரம்பைப் பிடித்தால் எரியும், பிறகு மரத்துவிடும். மாத்திரையை விடாதவர்களுக்கு இந்த அளவுக்கு வருவது அபூர்வம். பூஞ்சையோ காசநோயோ மூளையைப் பிடித்திருந்தாலும் இப்படித் தெரியலாம். அதனால் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

"தண்ணிக்குள்ள இறங்கலாமா?" என்றேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

பிப்ரவரி 1, வியாழன்

வரமாட்டேன் என்கிறான். சனிக்கிழமை இறங்கியே தீருவேன் என்கிறான். காற்று அடித்தது என்று முதலில் ஜாய்சனிடம் சொன்னதே இவன்தானாம்.

"காத்து அடிச்சவன்னா தோள்ல தூக்கிட்டுப் போவானுவ. மத்ததுன்னா டம்ளரத் தனியா வைப்பானுவ. எது வேணும்னு நீயே சொல்லு."

"இறங்குனா செத்துருவலே."

"சங்கு குளிக்கப் போயிச் செத்தான்னு பேப்பர்ல போடு. நீதானே எழுதுவ?"

பிப்ரவரி 2, வெள்ளி

அவன் சம்மதம் இல்லாமல் அவன் நோயை யாரிடம் சொன்னாலும் குற்றம். அந்தச் சட்டம் வந்தபோது செய்தி எழுதியவள் நான். சட்டத்தை விடு, அவனுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். சொல்லாம இருந்தா நாளைக்கு அடியில இவன் — குழாய் சிக்கினா, இழுத்துச் சொல்லணும்னு இவன் புத்திக்கு எட்டுமா? நான் என்ன செய்யட்டும்? யார்ட்டப் போயிக் கேக்கட்டும்?

ஜாய்சன் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பிந்திப் பிந்தி வருகிறது என்றானே.

பிப்ரவரி 3, சனி

விடிந்ததும் கரைக்குப் போனேன். கம்ப்ரசரை வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். சிலுவையை இருவர் தாங்கிக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் பார்க்கிற பொன்னுதுரை, "ரெஜினாக்கா வந்துட்டாவ, எல்லாவனும் தலையச் சீவுங்கலே, போட்டோ புடிப்பாவ" என்றான்.

"போட்டோ இல்ல. ஜாய்சா, இறக்குததுக்கு முன்னால இங்கன கரையில வச்சு ஒரு தடவ இழுத்துப் பாரு. நீதானே பிந்துதுன்னு சொன்ன."

ஜாய்சன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். சிலுவை என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. ஆனால் மறுத்தால் சந்தேகம் வரும். கடலைப் பார்த்து உட்கார்ந்தான். குழாயை இடுப்பில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். மறு நுனியோடு ஜாய்சன் பின்னால் தூரத்தில் நின்றான்.

ஒரு இழுப்பு என்றால் நலமா என்ற கேள்வி. பதிலும் ஒன்றுதான். மூன்று என்றால் உடனே ஏறு.

ஜாய்சன் ஒன்று இழுத்தான். ஒரு காகம் வந்து வலைமேல் உட்கார்ந்து, கொத்திவிட்டுப் பறந்தது. அதன் பிறகுதான் பதில் வந்தது. "தூங்குதான்டே" என்று யாரோ சிரித்தார்கள்.

மூன்று இழுத்தான். அதற்குச் சிலுவை எழுந்திருக்க வேண்டும்; எழவில்லை. ஒன்று இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். திரும்பவும் மூன்று. திரும்பவும் ஒன்று.

சிரிப்பு நின்றுவிட்டது. ஜாய்சன் முன்னால் வந்து குந்தினான். "ஏலே சிலுவை, மூணுக்கு என்னலே?"

சிலுவை உதட்டை அசைத்தான். "தெரியும்" என்றான். அதற்கு மேல் வரவில்லை.

"ஒரு தடவ இறக்கித்தான் பாப்போமே" என்றான் பொன்னுதுரை.

"தண்ணிக்குள்ள நான் மூணு இழுத்து இவன் ஒண்ணு இழுத்தா, நான் என்னடே செய்யணும்?" ஜாய்சன் குழாயைச் சுருட்டி வள்ளத்துக்குள் எறிந்தான்.

சிலுவையை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசலில் வைத்து, "எல்லாவன் முன்னாலயும் என்ன மடையனாக்கிட்டியே" என்றான்.

நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேனோ?

பிப்ரவரி 5, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அவனே வந்து ஆட்டோவில் ஏறினான்.

பிப்ரவரி 8, வியாழன்

ஸ்கேன் பார்த்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பூஞ்சை இல்லை, காசநோய் இல்லை. வைரஸின் வேலைதான். மாத்திரை திரும்ப ஆரம்பம். "புத்தி பெரும்பாலும் திரும்பும். கால் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஜாய்சன் பார்க்க வந்தான். சிலுவை என்னை வெளியே போகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் ஜாய்சன் முகம் வெளுத்து வந்தான்.

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அது அவன் சொல்ல வேண்டியது."

"நாங்க எல்லாரும் ஒரே குழாய் ரப்பரத்தானேக்கா வாயில கடிக்கோம்." எச்சிலில் பரவாது என்றேன். அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. படியில் இறங்கிப் போய்விட்டான்.

பிப்ரவரி 15, வியாழன்

ஜாய்சன் வரவில்லை.

பிப்ரவரி 21, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிலுவை தலையைத் திருப்புகிறான். ஊரில் எதுவும் பரவியதாகத் தெரியவில்லை. ஜாய்சனையும் காணோம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வந்துவிட்டான். செருப்பை உதறிவிட்டு நேரே கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

"பயந்துட்டேன்லே. போயி ரத்தம் குடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்லன்னுட்டாவ. அங்கன இருந்த டாக்டரம்மா வேற, எச்சில்ல வராதுன்னு ஏழு தடவ சொன்னாவ. அதுக்குப் பொறவும் வர வெக்கமா இருந்துச்சு."

"நானா இருந்தாலும் போயிருப்பேன்" என்றான் சிலுவை.

ஜாய்சன் பழைய குழாய்த் துண்டு ஒன்று கொண்டுவந்திருந்தான். ஒரு நுனியைக் கட்டில் காலில் கட்டி, மறு நுனியை ஜன்னல் வழியாகத் தெருவில் விட்டான்.

ஜூன் 13, வியாழன்

ஜாய்சன் தெருவில் போகும்போதும் வரும்போதும் குழாயை இழுக்கிறான். "என்னடே, மாடா கட்டிருக்க?" என்று தெருவே கேட்கிறது. சிலுவையின் பதில் இப்போது பிந்துவதில்லை. நேற்று மூன்று இழுத்ததற்குக் கம்பை ஊன்றிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டான். பாதம் அப்படியேதான் இருக்கிறது. இரவில் எரிகிறது.

2025 பிப்ரவரி 1, சனி

காற்றாலை இறக்கைகளை ஏற்ற வந்த கப்பலைப் பற்றி நாலு பத்தி எழுதுவதற்குள் மூன்று முறை பிழை விட்டேன். இன்றைக்கு வள்ளத்தில் சிலுவையும் போயிருந்தான். குளிக்க அல்ல. அவன் இனிக் குளிக்க முடியாது. இறங்கியது ஜாய்சன். குழாயைச் சிலுவைதான் பிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் ஜாய்சன்தான்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். ஜாய்சன் வரும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"அடியில சங்கு குமியலாக் கெடந்துச்சுக்கா! நேரம் ஆயிட்டுன்னு இவன் மூணு இழுக்கான். இன்னும் ரெண்டு எடுத்துட்டு வாரேன்னு நான் ஒண்ணு இழுத்தேன். விடுதானா? திரும்பவும் மூணு. அதுக்குப் பொறவும் மூணு. எரிச்சல்ல ஏறி வந்துட்டேன்."

சிலுவை வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே கேட்டான்: "மூணுக்கு என்னலே?"

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. யாரும் பாய்ந்துபோய் அணைக்கவில்லை. ஜாய்சன் மாத்திரைக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு வரும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது.