கால் எட்டாத நாற்காலி

பெருமாட்டி,
மாசி மாதம், 1977

அன்புள்ள மாமாவுக்குக் கமலாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் எருமையும் கன்றும் இங்கே சுகம். கொழிஞ்சாம்பாறையில் நம் மகள் ருக்குமணியும் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி இரண்டு வரியாவது எழுதக் கூடாதா? போன கடிதத்தில் நிலைக்கண்ணாடியை எந்தத் துணியால், எந்தப் பக்கமாகத் துடைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். மலையில் பனி எப்படி, இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

வெள்ளிக்கிழமை குளியல் தொட்டி வந்து சேர்ந்தது. பாவம் பாஸ்கல். தேயிலை லாரி ஓட்டுகிறவனுக்கு உங்கள் பேச்சைத் தட்ட முடியவில்லை. பொள்ளாச்சிக்குச் சரக்கு கொண்டு வரும்போதெல்லாம் நம் வீட்டுக்கும் ஒரு சுமையை ஏற்றிக்கொண்டு வருகிறான். இந்த முறை கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிறுத்திச் சாக்கை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். 'இதெந்தா, தோணியோ?' என்று அந்த ஆள் கேட்டாராம். பாஸ்கல் சும்மா இருக்காமல், 'இல்ல சார், வெள்ளக்கார தொர குளிச்ச தொட்டி. இனிமே பெருமாட்டியில ஒரு அக்கா குளிக்கப் போகுது' என்று சொன்னானாம். அதை என்னிடமே வந்து சொல்லிச் சிரிக்கிறான். என் மானம் செக்போஸ்ட் வரைக்கும் போய்விட்டது.

நமக்குக் குளியலறை ஏது? கிணற்றடியில் நாலு தென்னை ஓலைத் தடுக்குதானே இருக்கிறது. அந்தத் தொட்டியை நிறைக்க நான் இறைக்க ஆரம்பித்தால் கிணறு காய்ந்துபோகும். சிங்கக்கால் வைத்த தொட்டியைக் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் போட்டு, எருமைக்குப் பருத்திக்கொட்டை ஊற வைக்கிறேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும்.

இத்தனை வருஷமாக நீங்கள் பரிமாறிய துரையும் துரைசானியும் சீமைக்குப் போய்விட்டார்கள், புது மேனேஜர் பழைய சாமான் எதுவும் வேண்டாம் என்று பங்களாவின் பின்கட்டில் தள்ளிவிட்டார், தேக்கும் பித்தளையும் மழையில் வீணாகின்றன, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியபோது நானும் சரி என்றுதான் சொன்னேன். நல்ல சாமான் வீணாகலாமா? ஒன்றோ இரண்டோ வரும் என்று நினைத்தேன். முதலில் கண்ணாடி வந்தது. பிறகு நீள மேஜை, நாற்காலிகள், கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, கணப்பின் முன்னால் வைக்கிற இரும்புத் தட்டி. மாமா, இங்கே மாசியிலேயே ஓட்டுக்குக் கீழே உட்கார முடியவில்லை. தீக்காய்கிற தட்டியை வைத்து நான் என்ன செய்ய? அதில்தான் வெங்காயத்தைப் பரப்பி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதி அனுப்பிய மாதிரியே ஒவ்வொன்றையும் வைத்தேன். மேஜையின் தலைமாட்டில் கைவைத்த நாற்காலி. அதற்கு வலது பக்கம் அலமாரி. எதிர்ச்சுவரில் கண்ணாடி. முன்னறையில் இப்போது நடப்பதற்கு இடம் இல்லை. ருக்குமணி வந்து பார்த்துவிட்டு, 'ஏம்மா, கட்டல் போட எடமில்லாம இது என்ன சந்தைக்கடையாட்டம்?' என்றாள். பக்கத்துத் தோட்டத்து ஆறுமுகசாமி அண்ணன் தன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அழைத்து வந்து காட்டுகிறார். ஊரில் நம் வீட்டுக்குத் 'தொரை ஊடு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் ரேஷன் கடையில் நின்றால், 'தொரைசானி வந்தாச்சுங்க, வழி விடுங்க' என்று கேலி செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கலர்க்கண்ணாடி ஜன்னல் எனக்குப் பிடித்திருக்கிறது. கிழக்குச் சுவரில் ஆசாரியை வைத்துப் பதித்தேன். காலையில் தரையில் சிவப்பும் பச்சையும் விழுகிறது. கன்றுக்குட்டி உள்ளே வந்துவிட்டால் அதை நக்கிப் பார்க்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. பண்டிகை நாளாயிற்றே என்று மேஜையில் இலை போட்டு, சோறும் பருப்பும் நெய்யும் வைத்து, உட்காருங்கள் என்றேன். நீங்களும் கைவைத்த நாற்காலியைப் பின்னால் இழுத்தீர்கள். உட்காரப் போகிறீர்கள் என்று நான் விசிறியோடு வந்தால், நீங்கள் தோள் துண்டை முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றீர்கள். என்னங்க என்று கேட்டதற்கு, 'இது தொரை நாற்காலி புள்ள' என்று சிரித்துவிட்டு, இலையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அதுவும் போகட்டும். பாதிச் சோற்றில் கன்று மேஜையை முட்டி, துரை உங்களைக் கூப்பிட அடிக்கிற அந்தப் பித்தளை மணி விழுந்து அடித்ததே, அப்போது ஈரக்கையோடு எழுந்து 'எஸ் சார்' என்று ஓடி வந்தீர்கள். உங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அந்த மணி இனி மேஜைக்கு வராது. கொல்லரிடம் கொடுத்துப் பிடியை எடுத்துவிட்டுக் கன்றுக்குக் கட்டிவிட்டேன். அது அடித்தால் கன்று தப்பி ஓடுகிறது என்று அர்த்தம். வேறு யாரும் ஓட வேண்டாம்.

இன்னொன்று. பொங்கலுக்கு வந்தபோது உங்கள் வெள்ளை யூனிபாரத்தைப் பெட்டிக்கு அடியில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். புது மேனேஜருக்கு எதை உடுத்திக்கொண்டு பரிமாறுகிறீர்கள்? துவைத்து நீலம் போட்டு வைக்கிறேன். பாஸ்கல் அடுத்த தடவை வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். சாமான் எதுவும் இனி அனுப்பாதீர்கள். இடம் இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வருகிற சாமானில் எல்லாம் உங்கள் கை பட்ட மினுக்கு இருக்கிறது, உங்களைத்தான் காணோம். எப்போது லீவு கிடைக்கும் என்று எழுதுங்கள்.

மாகாளியம்மன் உங்களைப் பனியிலும் இருமலிலும் காக்க வேண்டும்.

உங்கள்
கமலாத்தாள்


பெருமாட்டி,
வைகாசி மாதம், 1977

மாமாவுக்கு,

வணக்கம். இங்கே மழை இல்லை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை, எருமைக்குப் பால் குறைந்துவிட்டது. மற்றபடி சுகத்துக்குக் குறைவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தால் கை வரவில்லை.

நான் அனுப்ப வேண்டாம் என்று எழுதியும் நேற்று சுவர்க்கடிகாரமும் ஒரு பெட்டி நிறையப் பீங்கான் கோப்பையும் வந்தன. இந்தக் குடும்பத்தில் நாம் இரண்டு பேரும் பித்தளைப் போசியில் காபி குடிக்கிறவர்கள். யாருக்கு இத்தனை கோப்பை? பாஸ்கலிடம் ஒரு பாட்டம் சத்தம் போட்டுவிட்டு, துவைத்து மடித்த உங்கள் யூனிபாரத்தைப் பொட்டலமாகக் கையில் கொடுத்தேன். அவன் பிரித்துப் பார்த்து முழித்தான். 'இது எதுக்குக்கா அண்ணனுக்கு? பங்களா சோலிதான் பொங்கலுக்கு முன்னாலயே முடிஞ்சிருச்சே' என்றான். சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்தான் விடவில்லை. மோர் கொடுத்து, உங்கள் நாற்காலி ஒன்றிலேயே உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். புது மேனேஜரின் மனைவி தானே சமைக்கிறாளாம், தானே எடுத்து வைக்கிறாளாம், பட்லர் வேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நீங்கள் தோட்டத் தொழிலாளி மொக்கையனின் லயத்து வீட்டில் படுத்துக்கொண்டு, சித்திரபுரத்து டீக்கடையில் எச்சில் கிளாஸ் கழுவுகிறீர்களாம். கடை ஓய்ந்த நேரத்தில் பங்களாவின் பின்கட்டுக்குப் போய், மிச்சமிருக்கிற சாமானுக்கு மெருகு போடுகிறீர்களாம். தோட்டக்காரன் பாவம் பார்த்துக் கேட்டைத் திறந்து விடுகிறானாம்.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். அந்தக் கோப்பைகளைக் கிணற்றில் கொட்டிவிடலாமா என்று இருந்தது. வேலை போனதற்காக இல்லை மாமா. வேலை என்றால் ஒரு நாள் போகத்தான் போகும், உங்களுக்கும் வயதாகவில்லையா? என்னிடம் சொல்லாமல் இருந்தீர்களே, அதற்குத்தான். பொங்கல் முடிந்த மறுநாள், 'லீவு முடிஞ்சுது, அங்க காத்துட்டிருப்பாங்க' என்று சொல்லி, நான் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு விடியற்காலையில் பஸ் ஏறினீர்களே. யார் காத்திருந்தார்கள் உங்களுக்கு? காத்திருக்கிற ஒருத்தியை இங்கே விட்டுவிட்டு, யாருமில்லாத பங்களாவுக்கு ஓடியிருக்கிறீர்கள். யூனிபாரத்தை நீங்கள் மறக்கவில்லை என்பதும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகத் தூங்கினேன், கோபத்தில் எனக்குத் தூக்கம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் எழுந்து கலர்வெளிச்சத்தில் முன்னறையைப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் நீங்கள் வீட்டை அலங்காரம் செய்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். மேஜை, அலமாரி, கண்ணாடி, எல்லாம் அந்தப் பங்களாவின் சாப்பாட்டு அறையில் இருந்த மாதிரியே. நம் வீட்டில் அந்த அறையை மறுபடி கட்டியிருக்கிறீர்கள். துரைக்கு இடம் இருக்கிறது, துரைசானிக்கு இடம் இருக்கிறது, விருந்தாளிகளுக்கு இடம் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற இடம்தான். வீடு உங்களுடையது, மாமா. இத்தனை நாற்காலி இருந்தும் நீங்கள் ஒன்றில்கூட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

அதனால் நான் போய் அந்தக் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் என் கால் தரையில் எட்டவில்லை. துரை பனைமர உயரம், அவருக்கென்றே தச்சனை வைத்து உயர்த்திச் செய்த நாற்காலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்தாலும் எட்டாது. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு யார் நிம்மதியாகச் சோறு தின்ன முடியும்?

ஆசாரியைக் கூப்பிட்டேன். நாற்காலியின் கால் நான்கையும் குறைத்துக் கொடுங்கள் என்றேன். அவர் தேக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, 'ஏனுங்க அம்மிணி, இத்தனை நல்ல சாமானை அறுக்கச் சொல்றீங்களே, அண்ணன் வந்தா என்ற தலையை வாங்கீருவாருங்க' என்றார். வரட்டுமுங்க, அதுக்குத்தானுங்க அறுக்கச் சொல்றேன் என்றேன். அளவு என்ன என்று கேட்டார். பாஸ்கல் திருப்பி வைத்துவிட்டுப் போன உங்கள் வெள்ளைக் கால்சட்டையைத் திண்டில் விரித்துப் போட்டேன். எத்தனை வருஷமாகவோ ஒரே இடத்தில் மடிந்து மடிந்து முழங்காலில் கோடு விழுந்திருக்கிறதே, அந்தக் கோட்டிலிருந்து கீழ் மடிப்பு வரைக்கும் முழக்கோல் வைத்து அளந்தார். இருக்கை அந்த உயரத்துக்கு வருகிற மாதிரி அறுத்தார். அறுக்கும்போது மட்டும் நான் பார்க்காமல் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் அறுத்த துண்டில் ஒன்றை இந்தக் கடிதத்தோடு, இன்று மலைக்குத் திரும்புகிற பாஸ்கலிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போட்ட மெருகு அதில் அப்படியே இருக்கிறது. கையில் எடுத்ததும் எரிச்சலாக வரும். வரட்டும். அந்த எரிச்சலோடேயே வண்டி ஏறுங்கள். 'என்ன காரியம் புள்ள பண்ணிப்போட்ட' என்று வாசலில் நின்று ஊர் கேட்கத் திட்டுங்கள். நான் ஒரு வார்த்தை எதிர் பேச மாட்டேன். மேஜை உயரமாகப் போய்விட்டது என்று ஆசாரி சொல்கிறார். அதையும் அறுப்பதா வேண்டாமா என்று நீங்கள் வந்துதான் சொல்ல வேண்டும்.

இங்கே வந்து என்ன செய்வது என்று யோசிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். செய்ய எத்தனையோ இருக்கிறது. கடலைக்காய் விதைக்க வேண்டும், தொழுவத்து ஓடு மாற்ற வேண்டும். ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றும் நினைக்காதீர்கள். நம்மைத் துரை வீடு என்று கேலி செய்கிறவர்கள்தானே, துரை வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாஸ்கலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இனி அந்த லாரியில் கடிகாரம், கோப்பை, கண்ணாடி எதுவும் ஏறக் கூடாது. ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு வா, இல்லாவிட்டால் நம் வாசலில் வண்டியை நிறுத்தாதே என்று. கோபாலபுரத்தில் என்ன கொண்டு போகிறாய் என்று கேட்டால், வீட்டுக்காரரைக் கொண்டு போகிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

மாகாளியம்மன் உங்களை மலையிலிருந்து பத்திரமாக இறக்கிக்கொண்டு வரட்டும். இனி அந்த நாற்காலியில் எந்தத் துரைக்கும் உட்கார வராது. முழங்கால் மோவாயில் இடிக்கும். உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அது அளவு. வந்து உட்காருங்கள் மாமா. நான் பரிமாறுகிறேன்.

உங்கள்
கமலாத்தாள்