தூங்கற குழந்தையை எழுப்பாதே

மகனுக்கு அம்மா எழுதுவது. அன்புள்ளன்னு போட இன்னிக்குக் கை வரலை, வேணும்னா நீயே போட்டுக்கோ. நீ அங்கே வெளிநாட்டுல நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்கி சௌக்கியமா இருப்பே, அதில எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, பாப்பாவுக்குக் கீழே ரெண்டு பல் வந்துடுச்சு, உன் பெண்டாட்டிக்கு உள்ளங்கையில தையல் போட்டிருக்கு. அதை அவள் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாள், அதான் நான் எழுதறேன்.

நீ வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து காலை நீட்டிக்கிட்டு போன் போடற நேரம், இங்கே ஊர் அடங்கின நேரம். தூங்கற குழந்தையை எழுப்பிக் காட்டுன்னு ஒத்தைக்கால்ல நிக்கறே. அவளும் மனசு கேக்காம எழுப்பிக் காட்டறாள். நீ பூனை மாதிரி கத்தி, நாக்கை நீட்டி, சிரிக்க வச்சுட்டு, சரி எனக்குத் தூக்கம் வருதுன்னு வச்சுடறே. பாப்பா போனைப் பார்த்துக் கதறும். அப்புறம் விடியற வரைக்கும் தோள்ல போட்டுக்கிட்டு ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடக்கறது நீயா? காலையில அவள் வேலைக்குப் போய்த் துணி வெட்டற மேஜை முன்னாடி நிக்கணும். போன வியாழக்கிழமை கண் சொருகி, கத்தி துணியை விட்டுட்டுக் கையில இறங்கிடுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் பார்த்து, ராத்திரி பாப்பா தூங்கவே இல்லைன்னு அவள் எழுதினதுக்கு, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கத் துப்பில்லை, உனக்கு வேலை ஒரு கேடான்னு நீ செய்தி அனுப்பறே. அவள் அழலை. பாப்பாவோட துணியைப் பெட்டியில அடுக்கினாள், அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னாள். இரு, நானும் வர்றேன்னு என் துணியையும் அதே பெட்டியில வச்சேன். அப்பா வாசலை அடைச்சுக்கிட்டு, அப்ப எனக்குச் சோறு யாரு போடுவான்னு கேட்டார். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தச் சிரிப்பாலதான் உன் குடும்பம் இன்னிக்கு இந்த வீட்ல இருக்கு, உன் சாமர்த்தியத்தால இல்லை.

அன்னிலேர்ந்து பொழுது சாஞ்சா போனை அணைச்சுடறோம். சிக்னல் இல்லைன்னு அவள் சொன்னது பொய், சொல்லச் சொன்னது நான். பாப்பாவுக்கு உடம்பைத் துடைச்சு, பால் குடுத்து, விளக்கைக் குறைச்சு, கண் முழுசா மூடறதுக்கு முன்னாடியே மல்லாக்கப் படுக்க வச்சுடறோம். சிணுங்கினா உடனே தூக்கறதில்லை, நெஞ்சு மேல கை வச்சு உக்காந்திருப்பேன். முதல்ல என்னைத் திட்டித் தீர்த்தது, வாய் அப்படியே நீதான். இப்போ நடுவுல ஒருதரம் பாலுக்கு முழிச்சு, குடிச்சதும் தூங்கிடுது. மருமகளும் தூங்கறாள். நேத்து வாயைத் திறந்துக்கிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். கேக்க எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.

உன்னை நான் சபிக்கலை, நோய்நொடி இல்லாம நல்லா இரு. முதல்ல அவள் கை எப்படியிருக்குன்னு கேளு, பாப்பாவைக் காட்டுன்னு அப்புறம் சொல்லு. பாப்பா சிரிச்சு விளையாடறது இங்கே காலையில, உனக்கு அது நடுராத்திரி. அலாரம் வச்சு எழுந்து பேசு. தூக்கம் கெடும். கெடட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா