திருப்பி வைத்த பலகை

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் ஆசி வேண்டி தாதேயோ எழுதுவது. நான் சுகம். முட்டிவலி தேவலையா?

இந்த நெவாடா வெயிலில் காற்று நெளிந்து, மூன்று மைல் தள்ளிச் சோதனைக்காக எழுத்துகள் எழுதி நிறுத்திய பலகை கேமராவில் கலங்கித் தெரியும். அதைத் தெளிவாக்கும் என் புரோகிராம் நேற்று மேலதிகாரிகள் முன்னால் எல்லா எழுத்தையும் காட்டியது. கைதட்டினார்கள்.

கூட வேலை பார்க்கும் வெர்னா சிரித்தாள். "டேய், பலகையக் காலையிலயே திருப்பி வச்சுட்டேன். வெறும் முதுகுல என்னத்தடா படிக்குது?"

ஒரு வருடமாக அதே பலகையைக் காட்டியே புரோகிராமைப் பழக்கியிருந்தேன். இல்லாததை நினைவிலிருந்து வரைந்துவிட்டது. கூனிக் குறுகிப்போனேன்.

ஞாயிறன்று வீடியோவில் உங்கள் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. "அப்படியே இருக்கீங்கம்மா" என்றேன். நீங்கள் முப்பது பவுண்டு இளைத்திருப்பதைத் தங்கை சொல்லித்தான் அறிந்தேன்.

நம் ஊர் மிளகாய்ப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே உங்கள் போட்டோ ஒன்று, கிட்ட நின்று எடுத்தது. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

தாதேயோ