ஜெனரலின் நெற்றியில் சந்தனம்

ஏப்ரல் 9, சனி

காலையில் மழை, பிறகு வெயில், திரும்ப மழை. லோண்டரியில் நாள் முழுக்கப் போர்வை தோய்ப்பு. கை ஊறிப் போச்சு.

பின்னேரம் தமிழ்ச் சங்கச் செயலாளர் மாமா வந்தார். அடுத்த ஞாயிறு லண்டன் பிளேஸ்டோ ஹோலில் வருஷப்பிறப்பு விழா. பிரதம விருந்தினர் இலங்கையிலிருந்து வரும் ஆமி ஜெனரல். இப்போது ஜெனரல் இல்லை. பென்ஷன் எடுத்துக் கட்சியில் சேர்ந்து, ஜூனில் தேர்தல் கேட்கிறார். தமிழரோடு நின்று படம் எடுக்கத்தான் வருகிறாராம்.

அம்மா உடனே: "அவரிட்டை எங்கடை மகனைப் பற்றிக் கேக்கலாமோ?"

அண்ணை இலங்கையில், தெற்கில் ஒரு சிறையில். மூன்று வருஷம். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை.

"அக்கா, தனிப்பட்ட விசயம் ஒருத்தரும் கதைக்கக்கூடாது. ஆள் கோவிச்சா எல்லாம் குழம்பிடும்." பிறகு என்னைப் பார்த்தார். "வாசலிலை பன்னீர் தெளிக்க இவளை விடுங்கோ. வாய் திறக்காத பிள்ளை."

காது சுட்டது. தலையாட்டினேன்.

ஏப்ரல் 12, செவ்வாய்

குளிர். பிளவுஸ் கை இறுக்கம், பிரிக்க வேண்டும். வாங்க: சந்தனம், கற்கண்டு, ஊசி.

அம்மாவுக்கு ஜெனரலை முன்பே தெரியும். ஊரில் அப்பாவின் பேக்கரிக்கு ரொட்டி வாங்க வருவாராம்.

"முதல் சைக்கிளிலை வந்தவர். லெப்டினன்ட். ரோஸ்ட் பாண் எண்டால் உயிர். சுகமோ எண்டு தமிழிலை கேப்பார். பிறகு ஜீப். தான் இறங்கமாட்டார், ஆள் விட்டு வாங்குவார். பிறகு கவச வண்டி. அப்ப நாங்கள் கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை."

"இப்ப?"

"இப்ப பிளேனிலை. சிரிச்சுக்கொண்டு வாறார்." வெங்காயம் உரித்தபடி அம்மாவும் சிரித்தா.

கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசிப் பழகினேன். என் ஆங்கிலத்துக்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டது. லோண்டரி மெஷின் சிரிக்காது.

வெளியிலிருந்து அம்மா: "ஆரோடை கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"என்ன? கேக்கேல்லை."

பக்கத்து அறைக்கே போகாத குரல்.

ஏப்ரல் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

ஹோலுக்கு வெளியே கொஞ்சப் பேர், கையில் அட்டைகள். "ஆமிக்காரனுக்குப் பன்னீரோ!" என்னைப் பார்த்துத்தான். அவர்கள் சொல்வதும் சரிதான். தட்டை இறுக்கிப் பிடித்தேன்.

வந்தார். நீலக் கோட், கழுத்தில் ரை. நினைத்ததைவிடக் கட்டையான ஆள். பன்னீர் தெளித்தேன். சந்தனத்தை நீட்டினேன். எங்கள் ஆட்கள் விரலால் தொட்டுத் தாங்களே வைத்துக்கொண்டு போவார்கள். அவருக்கு அது தெரியவில்லை. நான் வைத்துவிடுவேன் என்று நினைத்து, ஐயருக்கு முன் நிற்பதுபோலக் கண்ணை மூடி, என் முன் தலை குனிந்து நின்றார். கமராக்கள் எல்லாம் தயார்.

நான் வைக்கவில்லை.

பழகினதைச் சொன்னேன். ஒரு கண்ணைத் திறந்தார். காதைத் தொட்டுக் காட்டி, பீரங்கிக்குப் பக்கத்தில் கிடந்து மந்தமான காது, பிள்ளை, உரத்துச் சொல் என்றார் ஆங்கிலத்தில்.

செயலாளர் மாமா பல்லைக் கடித்தபடி: "வையும் பிள்ளை, பொட்டை வையும்!"

சொன்னேன். உரத்து. ஹோல் முழுக்க. என் அண்ணையின் பெயர் இது. உங்கள் சிறையில் மூன்று வருஷம். பிழை செய்திருந்தால் வழக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பதில் சொல்லுங்கள், பொட்டு வைக்கிறேன்.

பின்னால் ஆரோ அன்ரி: "எடி, இது அந்த ஊமைப் பிள்ளை எல்லோ!"

அம்மா கதிரையில் ஏறி நின்றா: "ரோஸ்ட் பாண் கடைக்காரன்ரை மகன், ஐயா!"

குனிந்த தலை நிமிரவேயில்லை. அப்படியே, தமிழில்: "நல்ல பாண்."

மேடையில் மைக்கிலேயே சொன்னார்: தேர்தலில் வென்றால், ஒரு மாதத்தில் அண்ணையை விடுவிப்பாராம். வீடியோவிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, வாசலில், "செய்யிறன்" என்று சொன்னவர். அதன் பிறகுதான் வைத்தேன். பொட்டு மட்டும் கொஞ்சம் சரிவு.

ஏப்ரல் 18, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. லோண்டரியில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மாமா போன். "என்னை வெக்கப்படுத்திப் போட்டாய்." பிறகு குரலைத் தணித்து: "என்ரை மருமோனும் உள்ளுக்கைதான், அவன்ரை பேரையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்."

ஜூன் 25, சனி

நல்ல வெயில். பிள்ளையாருக்கு முன்னால் நின்று, ஆமி ஜெனரல் வெல்ல வேண்டும் என்று கும்பிட்டேன். பிள்ளையாரே திகைத்திருப்பார். வெளியில் சொல்லேலாது.

இரவு ரேடியோவில் முடிவு. வென்றுவிட்டார்! அமைச்சர் பதவியும் கிடைக்குமாம். நானும் அம்மாவும் குசினியில், அடுப்புப் பக்கத்தில் துள்ளினோம். பிறகு ஆளை ஆள் பார்த்தோம். ஆருக்காகத் துள்ளுகிறோம்? அம்மா ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, "எங்களுக்காகத்தான்" என்றா. திரும்பவும் துள்ளினோம்.

ஊரிலிருந்து மாமாவுக்கு ஒரு போஸ்டர் வந்தது. ஜெனரல் சிரிக்கிறார். நெற்றியில் என் சரிந்த பொட்டு.

ஜூலை 20, புதன்

வேலையால் வந்து காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, போன். ஒரே இரைச்சல்.

"நான்தான்."

அண்ணை! கொழும்பில் ஒரு கடையிலிருந்து. காலையில் விட்டுவிட்டார்கள். அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை.

"என்ரை தங்கச்சி லண்டனிலை ஜெனரலுக்கு முன்னாலை நிண்டு கத்தினவளாம். ஒபிசர் சொல்லுறான். ஆளை மாறிச் சொல்லுறான் எண்டு நினைச்சன். நீயோடி?"

"ஓம்!"

"ஐயோ, மெல்லச் சொல்லு. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."